முன்மதியும் முதலீட்டாளரும்
(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிகழ்ச்சி நிரலில் என் பெயருக்கு முன்னால் வைத்தியர் என்றும் பெயருக்குக் கீழே கணக்கீடு என்றும் இருப்பதைக் கண்டு, அச்சுப்பிழையா என்று இரண்டு பேர் வாசலிலேயே கேட்டுவிட்டார்கள். பிழை இல்லை. நான் உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். வர்த்தகப் பிரிவு வகுப்பறைக்குள் கதிரை இரவல் வாங்கத்தான் போயிருக்கிறேன். ஆனால் எங்கள் புலமைப்பரிசில் நிதியின் முதலீட்டுக் குழுவில் கணக்காளர் அல்லாத ஒருவரும் இருக்கவேண்டும் என்பது சங்கத்தின் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன்பு அந்த இடம் எனக்கு வந்தது. அன்றிலிருந்து, கடமை முடிந்து வீட்டுக்கு வந்தபின் நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளை வாசிப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. கணக்காளராக இல்லாமல், அந்தக் கணக்கை நம்பிக் காசு போடுகிற ஒருத்தியாகத்தான் பேசுகிறேன். இந்த மண்டபத்தில் உள்ளவர்களில் பெரும்பாலானோரும் அப்படித்தான். பணிக்கொடையை நிலையான வைப்பில் போட்ட ரீச்சர்மார் இருக்கிறீர்கள். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் காசில் கொஞ்சம் பங்கு வாங்கி வைத்தவர்களும் இருக்கிறீர்கள்.

நான் எடுத்துக்கொண்ட பொருள் முன்மதி. உயர்தரத்தில் கணக்கீடு படித்தவர்களுக்கு முன்மதி எண்ணக்கரு என்ற பெயர் நினைவிருக்கும். படிக்காதவர்களுக்கு ஒரு புடவைக்கடையைச் சொல்கிறேன். தீபாவளி முடிந்த பிறகு கடையில் நூறு சேலைகள் மிஞ்சிவிட்டன. ஒன்று வாங்கிய விலை 4,000 ரூபா. இனி விற்றால் 3,000 ரூபாதான் வரும் என்றால், விற்கும்வரை காத்திராமல் இன்றைக்கே கணக்கில் 3,000 என்று இறக்கி எழுதவேண்டும். அதே சேலைக்குத் திடீரென்று கிராக்கி வந்து 6,000 ரூபாவுக்கு விற்கலாம் என்ற நிலை வந்தால்? அப்போது 4,000 என்றே இருக்கும். விற்றுக் காசு வந்த பின்னர்தான் அந்த 2,000 ரூபா இலாபமாகும். நட்டம் கண்ணில் தெரிந்ததும் எழுதப்படுகிறது, இலாபம் கைக்கு வந்த பின்னர் எழுதப்படுகிறது.

வழக்குகளிலும் இப்படித்தான். ஒரு கம்பனிக்கு எதிராக வழக்கு நடக்கிறது, தோற்பதற்கான வாய்ப்பு வெல்வதற்கான வாய்ப்பைவிட அதிகம், தொகையையும் மதிப்பிடலாம் என்றால், அதற்கான ஏற்பாட்டை இப்போதே கணக்கில் வைக்கவேண்டும். அதே கம்பனி இன்னொருவர் மீது வழக்குப் போட்டிருந்தால், காசு வருவது அநேகமாக நிச்சயம் என்ற நிலை வரும்வரை ஒரு சதமும் சொத்தாக எழுத முடியாது. வழக்கு ஒன்றேதான், எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்து அளவுகோல் மாறுகிறது.

இது வைத்தியர்களுக்குப் புதிதல்ல. நெஞ்சு நோவென்று வருகிற ஐம்பது வயதுக்காரரை வெறும் வாயுவென்று வீட்டுக்கு அனுப்பி அது மாரடைப்பாக இருந்துவிட்டால் வரும் இழப்பும், வாயுவை மாரடைப்பென்று சந்தேகித்து ஓர் இரவு வாட்டில் வைத்திருந்தால் வரும் இழப்பும் ஒன்றல்ல. ஆகவே நாங்கள் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கிறோம். கணக்காளர்கள் சாய்வதற்கும் காரணம் உண்டு. கம்பனியை நடத்துபவர்தான் கணக்கையும் தயாரிக்கிறார். அவருடைய போனஸும் பதவியும் அந்த இலாபத்தில் தொங்குகின்றன. நல்ல செய்தியைச் சொல்ல அவரை யாரும் வற்புறுத்தத் தேவையில்லை. கெட்ட செய்தியைச் சொல்லவைக்கத்தான் விதி வேண்டும். 1997 இல் சுதிப்தா பாசு என்ற ஆய்வாளர் அமெரிக்கக் கம்பனிகளின் இலாபத்தையும் பங்கு விலையையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பங்கு விலையில் தெரியும் கெட்ட செய்தி அதே ஆண்டின் இலாபத்தில் பிரதிபலிக்கும் அளவு, நல்ல செய்தி பிரதிபலிக்கும் அளவைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு அதிகம் என்று கண்டார்.

இதுவரை எல்லாம் நல்லதாகவே தெரியும். எச்சரிக்கையான கணக்கு யாருக்குக் கெடுதல் செய்யும் என்று கேட்பீர்கள். எங்கள் குழுவிலும் இதே கேள்வி எழுந்தது.

கடன் கொடுத்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கிடைக்கப்போவது முதலும் வட்டியும்தான். கம்பனி எவ்வளவு கொழித்தாலும் அவருக்கு மேலதிகமாக ஒன்றும் வராது; நொடிந்தால் மட்டும் அடி விழும். அவருக்கு முன்மதி பொருந்தும். பங்குதாரர் நிலை வேறு. அவர் இரண்டு பக்கமும் பார்க்கவேண்டியவர். ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை, இலாபம் விழுந்துவிட்டதென்று அறிக்கையில் பார்த்துப் பயந்து தன் பங்குகளை விற்கிறார் என்று வையுங்கள். அந்த வீழ்ச்சி தேவைக்கு மிஞ்சிய எச்சரிக்கையால் வந்ததாக இருந்தால், அவர் இழந்ததை வாங்கியவர் எடுத்துக்கொண்டார். அளவுக்கு மீறிய முன்மதியால் இழப்பு மறைவதில்லை. ஒருவருடைய கையிலிருந்து இன்னொருவருடைய கைக்கு அது மாறுகிறது, அவ்வளவுதான். ஸ்கேன் அறிக்கைகளில் சிலர் எதைப் பார்த்தாலும் "புற்றுநோயை முற்றாக நிராகரிக்க முடியாது" என்று எழுதிவிடுவார்கள். எழுதியவருக்கு அது பாதுகாப்பு. எல்லா நோயாளருக்கும் அதே வசனம் என்றால், வாசிக்கிற வைத்தியருக்கு அதில் ஒரு தகவலும் இல்லை.

இதைவிட மோசமான கெடுதல் ஒன்று உண்டு. அதற்கு எங்கள் சங்கம் பிறந்த அதே பத்தாண்டில் இங்கிலாந்தில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும்.

றோயல் மெயில் ஸ்ரீம் பக்கெற் கம்பனி அன்று உலகின் மிகப் பெரிய கப்பற் குழுமங்களில் ஒன்று. தலைவர் கில்சன்ற் பிரபு. ரைற்றானிக் கப்பலின் சொந்தக்காரரான வைற் ஸ்ரார் நிறுவனத்தைக்கூட 1927 இல் இவர்கள்தான் வாங்கினார்கள். முதலாம் உலகப் போர்க் காலத்தில் கப்பல்காரர்களுக்கு நல்ல உழைப்பு. அந்த ஆண்டுகளில் இலாபத்தின் பெரும் பகுதியை, வரி எவ்வளவு வருமோ தெரியாது என்று, தாராளமாக ஒதுக்கி வைத்தார்கள். நினைத்த அளவு வரி வரவில்லை. மிகுதி, வெளியே தெரியாத இரகசிய ஒதுக்கமாகத் தங்கிவிட்டது. அக்காலத்தில் அதை யாரும் குற்றமாகப் பார்க்கவில்லை. பொறுப்புள்ள, பழமைபேணும் முகாமைத்துவம் என்று பாராட்டினார்கள்.

1920 களில் கப்பற் தொழில் சரிந்தது. தொழிலில் நட்டம். ஆனாலும் பங்குதாரருக்குப் போன கணக்கில் இலாபம் இருந்தது, பங்கிலாபமும் போய்க்கொண்டிருந்தது. எங்கிருந்து? போர்க்காலத்தில் ஒதுக்கியதிலிருந்து எடுத்து எடுத்து இலாபநட்டக் கணக்கில் சேர்த்தார்கள். 1926 ஆம் ஆண்டுக் கணக்கில் இதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாக இருந்தது, வரி ஒதுக்கங்களின் சீராக்கமும் உள்ளடங்கும் என்ற பொருள்பட்ட ஒரு சிறு தொடர் மட்டும்தான். எவ்வளவு என்று இல்லை. அந்த வருடத்துத் தொழிலில் கம்பனி உழைத்ததா இழந்ததா என்பதை அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு எந்தப் பங்குதாரராலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

வைத்தியசாலையில் இதற்கு ஒரு சமானம் சொல்வேன். நோயாளருக்குக் காய்ச்சல். யாரோ நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பரசிற்றமோல் கொடுத்துக்கொண்டே இருக்கிறார், ஆனால் கட்டில் அட்டையில் அதை எழுதவில்லை. காலையில் வருகிற வைத்தியர் வெப்பநிலைக் கோட்டைப் பார்க்கிறார், நேராக இருக்கிறது. அளந்தவர் பொய் எழுதவில்லை. வெப்பமானியும் சரி. ஆனால் உள்ளே கிருமி பெருகுகிறது. மருந்து கொடுத்தது குற்றமல்ல, அட்டையில் எழுதாமல் கொடுத்ததுதான் ஆபத்து.

1931 யூலையில் கில்சன்ற் பிரபுவும் கணக்காய்வாளர் ஹரோல்ட் மோர்லண்டும் இலண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். 1926, 1927 ஆண்டறிக்கைகள் பற்றிய குற்றச்சாட்டுகளில் இருவரும் விடுதலையானார்கள். இரகசிய ஒதுக்கம் அன்று எல்லாரும் செய்துவந்த வழக்கம் என்று துறையின் மூத்தவர்களே சாட்சி சொன்னார்கள். பிரபு அகப்பட்டது வேறொன்றில்: 1928 இல் தொகுதிக்கடன் திரட்ட வெளியிட்ட விளம்பர அறிக்கை. கடந்த பத்து ஆண்டுச் சராசரி இலாபம் வட்டியைக் கட்டத் தாராளமாகப் போதும் என்று அது காட்டியது. சராசரி சரியானதுதான். முன்னைய கொழுத்த ஆண்டுகளும் பின்னைய வற்றிய ஆண்டுகளும் சேர்ந்த சராசரி. தனித்தனியே எந்த எண்ணும் பொய்யில்லை, முழுவதும் சேர்ந்து பொய். பன்னிரண்டு மாதச் சிறை. பின்னர் 1948 ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டம் பிரித்தானியக் கம்பனிகள் தங்கள் ஒதுக்கங்களை வெளியே காட்டவேண்டும் என்றாக்கியது. வங்கிகளுக்கு அப்போதும் விலக்குக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகும் இந்தப் பழக்கம் வேறு உருவங்களில் வந்தது. 1998 இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணைக்குழுவின் தலைவர் ஆர்தர் லெவிற் பேசிய பிரபலமான பேச்சு ஒன்று உண்டு. நல்ல ஆண்டில் மிகையாக ஒதுக்கிவைத்து, கெட்ட ஆண்டில் அதிலிருந்து எடுத்து இலாபத்தைச் சமன்செய்யும் கம்பனிகளை அவர் அதில் கண்டித்தார். ஒரே ஆண்டில் எல்லா நட்டத்தையும் கொட்டி முழுகிவிட்டு, அடுத்த ஆண்டிலிருந்து எழுந்து நிற்பதுபோலக் காட்டுவதையும் சொன்னார். புதிய முகாமையாளர் பதவியேற்ற ஆண்டில் இது நடந்தால் கவனித்துப் பாருங்கள். பழையவர் மேல் பழி, புதியவருக்குப் பாராட்டு.

இவற்றை மனதில் வைத்துத்தான், 2010 இல் சர்வதேசக் கணக்கீட்டு நியமச் சபை தன் எண்ணக்கருச் சட்டகத்திலிருந்து முன்மதி என்ற சொல்லையே எடுத்துவிட்டது. கணக்கு எந்தப் பக்கமும் சாயக்கூடாது என்பது அவர்கள் வாதம். 2008 நிதி நெருக்கடியின் வடு ஆறாத நேரத்தில் அந்தச் சொல் போனதை முதலீட்டாளர் பலர் விரும்பவில்லை. 2018 மார்ச்சில் சொல் திரும்பி வந்தது, ஆனால் வேறு பொருளோடு. நிச்சயமின்மை உள்ள இடத்தில் தீர்மானம் எடுக்கும்போது கவனமாக இரு. அதற்காகச் சொத்தைக் குறைத்தும் எழுதாதே, கூட்டியும் எழுதாதே என்பது இப்போதைய விளக்கம். எனக்கு இது பிடித்திருக்கிறது. ஆனால் புடவைக்கடை விதியும் வழக்கு விதியும் தனித்தனி நியமங்களில் இன்னும் அப்படியே சாய்ந்துதான் இருக்கின்றன என்பதையும் சொல்லவேண்டும்.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

2018 ஜனவரி 1 முதல் இலங்கை வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் கடன் இழப்பைக் கணக்கிடும் முறை மாறியது. அதற்கு முன்பு, கடன் கெட்டதற்கான சான்று வந்த பின்னர்தான் இழப்பை எழுதினார்கள். 2008 நெருக்கடியில் அது மிகப் பிந்திய வேலை என்று தெரிந்தது. புதிய முறையில் கடன்கள் மூன்று நிலைகளாகப் பிரிக்கப்படுகின்றன. முதலாம் நிலை சுகமான கடன். அதற்கும் அடுத்த 12 மாதத்தில் எதிர்பார்க்கும் இழப்பை ஒதுக்கவேண்டும். கொடுத்த நேரத்தைவிட ஆபத்து கணிசமாகக் கூடினால் இரண்டாம் நிலை. கடனின் ஆயுள் முழுவதற்குமான இழப்பை ஒதுக்கவேண்டும். மூன்றாம் நிலை கெட்டுப்போனது. எங்களுக்கும் நோயை நிலை பிரித்துப் பேசுவது பழக்கம் என்பதால், இந்தப் பக்கத்தை முதன்முதல் வாசித்தபோது எனக்கு ஏதோ உறவுக்காரரைக் கண்டதுபோல இருந்தது.

2022 ஏப்ரல் 12 ஆம் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்தது. அந்த நாட்களின் எரிவாயு வரிசையும் மருந்துத் தட்டுப்பாடும் எல்லாருக்கும் நினைவிருக்கும். எங்கள் வங்கிகளிடம் அரசாங்கத்தின் டொலர் முறிகள் இருந்தன. திருப்பி எவ்வளவு வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு வங்கியும் தன் மதிப்பீட்டில் ஒரு வீதத்தை இழப்பென்று ஒதுக்கியது. ஒரு வங்கியின் வீதம் மற்றதைப்போல இல்லை. இலாபங்கள் விழுந்தன. எங்கள் நிதியிடமும் ஒரு வங்கியின் பங்குகள் இருந்தன. அந்த ஆண்டு காசாக வந்த பங்கிலாபம் குறைந்தது. உயர்தரப் பிள்ளைகளுக்கு மாதாமாதம் கொடுக்கவேண்டிய தொகையின் ஒரு பகுதியைக் கொழும்பிலும் கனடாவிலும் உள்ள பழைய மாணவிகளிடம் சேர்த்துத்தான் கொடுத்தோம்.

குழுவில் கடும் வாக்குவாதம். இலாபம் இப்படி விழுந்த வங்கியில் பிள்ளைகளின் காசை வைத்திருக்கலாமா, உடனே விற்றுவிடுவோம் என்றார் ஓர் அக்கா. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பொறுப்பு எங்கள் தலையில். பட்டயக் கணக்காளரான இன்னோர் அக்கா, முதலில் குறிப்புகளைத் திறவுங்கள் என்றார். திறந்தோம். விழுந்த இலாபத்தில் எவ்வளவு டொலர் முறிகளுக்கான ஒதுக்கம், எவ்வளவு சாதாரணக் கடன்களுக்கானது என்று பிரித்துக் காட்டியிருந்தார்கள். எந்த ஊகத்தில் அந்த வீதத்தைத் தெரிந்தார்கள் என்பதும் இருந்தது. அதே நாளில் இன்னொரு நிறுவனத்தின் அறிக்கையையும் பார்த்தோம். அதன் இலாபம் அவ்வளவு விழவில்லை, ஒதுக்கிய வீதம் குறைவு, ஏன் குறைவு என்று விளக்கமும் இல்லை. முன்பக்கத்தை மட்டும் பார்த்திருந்தால் இரண்டாவதுதான் சுகதேகி என்று நினைத்திருப்போம். முதல் வங்கியின் பங்குகளை விற்பதில்லை என்று தீர்மானித்தோம். விற்கச் சொன்ன அக்கா தன் மறுப்பையும் கூட்டக் குறிப்பில் எழுதச் சொன்னார், எழுதினோம்.

அதே 2022 இல் எதிர்ப்பக்கம் போன ஒன்றும் நடந்தது. மத்திய வங்கி ஏப்ரலில் கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் கூட்டியது. திறைசேரி உண்டியல் வட்டி அவ்வாண்டு 30 சதவீதத்தைத் தாண்டியது. புதிய முறிக்கு இவ்வளவு வட்டி கிடைக்கும்போது, குறைந்த வட்டியில் வெளியிட்ட பழைய முறியை யார் பழைய விலைக்கு வாங்குவார்? அவற்றின் சந்தைப் பெறுமதி சரிந்தது. அந்தச் சரிவை உரிமைமூலதனத்தில் காட்டாமல் இருக்க, முறிகளை வேறு வகைக்கு மாற்றி எழுதலாம் என்று இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் ஒரு மாற்று ஏற்பாட்டை அனுமதித்தது. சர்வதேச நியமம் இலகுவில் அனுமதிக்காத ஒன்று. நிதித்துறை முழுவதும் ஆடிக்கொண்டிருந்த நேரத்தில் அதற்குத் தேவை இருந்தது என்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். இந்தத் தெரிவைப் பயன்படுத்தியவர்களின் அறிக்கைகளில் அது குறிப்பாக எழுதப்பட்டிருந்தது. பரசிற்றமோல் கொடுத்தார்கள், அட்டையிலும் எழுதினார்கள். ஆனால் அட்டையின் அந்தப் பக்கத்தைத் திருப்பியவர்கள் எத்தனை பேர்?

2024 டிசெம்பரில் டொலர் முறிகளின் மறுசீரமைப்பு நிறைவேறியது. அதன்பின் சில வங்கிகளின் கணக்கில், முன்பு ஒதுக்கியதில் ஒரு பகுதி திரும்பி வந்து இலாபத்தைக் கூட்டியது. இதுதான் நான் இன்று உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்த இடம். அப்படித் திரும்பிவரும் ஒதுக்கம் அந்த வருடத்து உழைப்பு அல்ல. 2022 இல் கூடுதலாக அழுததன் மிச்சம். "இலாபம் இரட்டிப்பு" என்று பத்திரிகையில் தலைப்பு வரும். அதைப் பார்த்து அயலவர் பங்கு வாங்குவார். 2022 இல் இலாபம் விழுந்ததென்று பயந்து விற்றவரும், ஒதுக்கம் திரும்பியபோது மகிழ்ந்து வாங்கியவரும், ஒரே குறிப்பை வாசிக்காமல் விட்டவர்கள். றோயல் மெயில் பங்குதாரருக்கு வாசிக்கக் குறிப்பே இருக்கவில்லை. எங்களுக்கு இருக்கிறது.

ஆகவே எங்கள் குழு இப்போது ஆண்டறிக்கையைப் பின்பக்கத்திலிருந்துதான் திறக்கிறது. பளபளப்பான தாளில் தலைவரின் புன்னகை இருக்கும் பக்கங்களைக் கடைசியில் பார்க்கிறோம். முதலில் கணக்காய்வாளரின் அறிக்கை: நிபந்தனை ஏதும் வைத்துக் கையெழுத்திட்டிருக்கிறாரா, எந்த விடயத்தில் கூடுதலாக மினக்கெட்டார் என்று. பிறகு பெறுமதி இழப்பு ஒதுக்கக் குறிப்பு: வருடத் தொடக்கத்தில் எவ்வளவு, புதிதாகச் சேர்த்தது எவ்வளவு, திருப்பி எடுத்தது எவ்வளவு, கடைசி மீதி எவ்வளவு. இது நான்கு வரிதான். ஒன்பதாம் வகுப்புக் கணிதம் போதும். திருப்பி எடுத்ததை இலாபத்திலிருந்து கழித்துவிட்டு மீதியைப் போன வருடத்தோடு ஒப்பிடுகிறோம். அதன்பின் நிகழத்தக்க பொறுப்புகள் பற்றிய குறிப்பு. வழக்குகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். இலாபம் வருகிறது, ஆனால் தொழிலிலிருந்து காசு வருவதில்லை என்பது மூன்று நான்கு வருடம் தொடர்ந்தால், ஏன் என்று கம்பனியின் செயலாளருக்குக் கடிதம் எழுதுகிறோம். பங்குதாரருக்கு வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்கும் உரிமை உண்டு, ஒரு பங்கு வைத்திருந்தாலும். அந்தக் கூட்டங்களுக்கு எங்கள் ஆட்கள் போவதில்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

வைப்பு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. நீங்கள் கடன் கொடுத்தவர். நான் முன்னர் சொன்னபடி, எச்சரிக்கையான கணக்கு உங்களுக்கு நல்லது. மற்றவர்களைவிட இரண்டு மூன்று சதவீதம் கூட வட்டி தரும் நிதிக் கம்பனியைப் பார்த்தால், மத்திய வங்கியின் அனுமதி பெற்றதா என்று அவர்களுடைய இணையத்தளத்திலுள்ள பட்டியலில் பாருங்கள். பிறகு அதே ஒதுக்கக் குறிப்பைத் திறந்து, மூன்றாம் நிலைக் கடனில் எத்தனை வீதத்துக்கு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பேத்தியிடம் கொடுத்தால் தொலைபேசியில் எடுத்துத் தருவாள்.

எங்கள் நிதி பங்கு வைத்திருக்கும் நிறுவனங்களின் கடைசி மூன்று ஆண்டு அறிக்கைகளிலிருந்து, நான் சொன்ன குறிப்புப் பக்கங்களை மட்டும் பிரதி எடுத்து நூலக மேசையில் வைத்திருக்கிறோம். பக்கத்தில் சிவப்புப் பேனையும் இருக்கிறது. விளங்காத வரியில் கோடு போடுங்கள். தேநீருக்குப் பிறகு எங்கள் பட்டயக் கணக்காளர் அக்கா அவற்றுக்குப் பதில் சொல்வார். அன்று விற்கச் சொன்ன அக்காவும் வந்திருக்கிறார். அவருடைய பக்கத்தையும் கேளுங்கள்.